நெருலில் நடவாத ஆட்டம்

நவி மும்பையின் நெருல் பகுதியில் டி. ஒய். பாட்டீல் விளையாட்டரங்கம் இருப்பதை மும்பை வட்டாரத்து அன்பர்கள் நன்கு அறிவர். கிரிக்கெட்டுக்கே அது பேர் பெற்றது. 2022ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் அங்கே இந்திய மகளிர் கால்பந்து அணியும் சீன தைபே அணியும் மோதுவதாக இருந்தது. தைவான் நாட்டினர் சர்வதேசப் பந்தயங்களில் சீன தைபே என்னும் பெயரில் ஆடுவது வழக்கம். ஆட்டம் தொடங்க வேண்டிய வேளை வந்தது. இந்திய அணி களத்துக்கு வரவில்லை. வருவதற்குப் போதிய ஆள் இல்லை.

ஓர் ஆட்டம் நின்றுபோவது உலகில் நடவாததன்று. மழையால் நின்றதுண்டு, கலகத்தால் நின்றதுண்டு. பின்னொரு நாள் ஆடிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் அன்று நின்றது பின்னர் ஆடித் தீர்க்கக் கூடிய ஆட்டமன்று. ஏனெனில் அந்தப் பந்தயத் தொடருக்கு முகங்கள் இரண்டு. ஒரு முகம் ஆசியாவின் மகளிர் கோப்பை. மற்றொரு முகம் 2023ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடைபெற இருந்த உலகக் கோப்பைக்குச் செல்லும் வாயில். ஒரு தொடரே கோப்பையுமாகி, உலக அரங்குக்கு அனுமதிச் சீட்டுமாகி நின்றது. ஆகவே அங்கே தவறிய ஆட்டம் ஒன்றாயினும் இழப்பு இரண்டு.

இதன் கணக்கைச் சற்று நின்று பார்ப்பது நலம். அப்போதுதான் எதை இழந்தோம் என்பது விளங்கும். தொடரில் கலந்துகொண்ட அணிகள் 12. நான்கு நான்காக மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலிரு இடம் பெற்ற அணிகளும், மூன்றாம் இடத்து அணிகளுள் சிறந்த இரண்டும் காலிறுதிக்குச் செல்லும், ஆக எட்டு. அவ்வெட்டில் ஒன்றாக ஆஸ்திரேலியா இருக்கும் என்பது எல்லாரும் எதிர்பார்த்ததே, இருக்கவும் செய்தது. போட்டியை நடத்தும் நாடாகையால் உலகக் கோப்பையில் அதற்கு முன்னமே இடம் உண்டு. எஞ்சிய ஏழு அணிகளுள் ஐந்துக்கு நேரான இடம். மற்ற இரண்டுக்கும் பிற கண்டத்து அணிகளோடு ஆடிப் பார்க்க மற்றுமொரு வாய்ப்பு. இதன் பொருள் என்ன? காலிறுதியை எட்டிய எந்த அணிக்கும் உலகக் கோப்பையின் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை. மூன்று குழு ஆட்டங்களில் சுமாராக ஆடிக் கரையேறினாலே போதும். இந்தியக் கால்பந்து, ஆண்களாயினும் பெண்களாயினும், உலகக் கோப்பைக்கு அத்தனை அருகில் நின்றது அரிது.

நிற்க. இந்திய மகளிர் இவ்விளையாட்டுக்குப் புதியவர் அல்லர். 1980ஆம் ஆண்டு ஜனவரியில் கோழிக்கோட்டில் ஆசிய மகளிர் பந்தயம் நடைபெற்றது. இறுதியாட்டம் வரை சென்ற நம் பெண்கள் தைவானிடம் இரண்டு கோல்களில் தோற்று இரண்டாம் இடம் பெற்றனர். 1983இல் பாங்காக்கிலும் இரண்டாம் இடம். அந்நாளில் மகளிர் கால்பந்தை நடத்தியது பெண்களுக்கென்றே அமைந்த தனி அமைப்பு. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது 1986இல்தான். உலகக் கோப்பை என ஒன்று பெண்களுக்கு அப்போது கிடையாது. ஆகவே அன்று ஆசியாவில் இரண்டாம் இடம் பெற்றவர்களுக்கு ஏறிச் செல்ல மேற்படி எதுவும் இல்லை.

மேற்படி வந்தது 1991இல். சீன நாட்டில் முதல் மகளிர் உலகக் கோப்பை நடந்தது. அதற்குத் தகுதி பெறும் களமாக அவ்வாண்டின் ஆசியப் பந்தயம் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடைபெற்றது. வாயில் முதன்முதலில் திறந்த அந்த ஆண்டில் இந்தியா பந்தயத்துக்கே செல்லவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் இரண்டாவதாக நின்ற நாடு இது! பின்னர்ச் சில முறை சென்றோம். பெரிய அணிகளிடம் அடி வாங்கித் திரும்பினோம். 2003க்குப் பின் அதுவும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, போட்டியை நடத்தும் நாடு என்ற உரிமையால் 2022இல் மீண்டும் இடம் கிடைத்தது. மும்பை, நவி மும்பை, புனே ஆகிய மூன்று நகரங்களில் ஆட்டங்கள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயிலேறிச் சென்று பார்த்துவிட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பும் தொலைவு. ஆயினும் நோயின் காரணமாகப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ஊரிலேயே நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்திய அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 23 பேர். தலைவி மணிப்பூரின் ஆஷாலதா தேவி. பயிற்சியாளர் சுவீடன் நாட்டவரான தாமஸ் டென்னர்பி. அந்த இருபத்து மூவருள் ஐவர் தமிழ்ப் பெண்கள் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட வேண்டும். கோல் காக்கும் பணிக்குச் சௌமியா நாராயணசாமி. நடுக்களத்துக்கு இந்துமதி கதிரேசனும் கார்த்திகா அங்கமுத்துவும். முன்னணிக்குச் சந்தியா ரங்கநாதனும் மாரியம்மாள் பாலமுருகனும். இது தற்செயலாக நேர்ந்ததன்று. மணிப்பூர் மகளிரை வெல்ல ஆளில்லை என்று நாடே நம்பியிருந்த காலத்தில், 2018ஆம் ஆண்டு கட்டாக் நகரில் அவர்களை 2–1 என்று வீழ்த்தித் தேசியப் பட்டம் பெற்றது தமிழ்நாட்டு அணி. அடுத்த ஆண்டே தென் தமிழ்நாட்டுச் சங்கமாகிய சேது கால்பந்துக் கழகம் இந்திய மகளிர் லீகை வென்றது. காலில் பூட்ஸும் அரைக்காற்சட்டையுமாக மைதானத்துக்குப் புறப்படும் பெண்ணைப் பற்றித் தெருத் திண்ணைகளில் என்ன பேச்சு எழும் என்பது நாம் அறியாததா? அப்பேச்சையெல்லாம் காதில் வாங்காமல் பெண்ணை அனுப்பிவைத்த பெற்றோர் எத்தனை பேரோ. அவர்களுடைய துணிவின் விளைவே இந்த ஐந்து பெயர்கள்.

இவர்களுள் இந்துமதி கடலூரைச் சேர்ந்தவர். தமிழகக் காவல் துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது, பயிற்சிக் களத்தை விட்டுச் சென்னைத் தெருக்களில் காவல் கடமையில் நின்றவர் அவர். வெளியே வராதீர்கள் என்று மக்களைத் தடுத்து நிறுத்துவது அன்று அவருடைய வேலை. சில மாதங்கள் சென்றபின் அதே நோய் அவருடைய அணியையே வெளியே வராமல் தடுத்து நிறுத்தியது.

ஜனவரி 20ஆம் நாள் முதல் ஆட்டம், எதிரி ஈரான். ஈரானிய மகளிர் ஆசியக் கோப்பையில் அடியெடுத்து வைத்தது அதுவே முதன்முறை. இந்தியாவின் கையே ஓங்கியிருந்தது. பந்து பெரும்பாலும் ஈரானியர் பகுதியிலேயே சுழன்றது. ஆயினும் வலைக்குள் புகவில்லை. ஈரானின் கோல் காப்பாளர் அன்று சுவரெழுப்பினாற்போல் நின்றார். முடிவு 0–0. வென்றிருக்க வேண்டிய ஆட்டம் என்று எல்லாரும் வருந்தினர். வருத்தம் நியாயமே. ஆனால் ஒரு புள்ளி கைக்கு வந்துவிட்டது. அடுத்து சீன தைபே. அவர்களை வென்றால் காலிறுதி ஏறக்குறைய உறுதி. அதன்பின் ஜனவரி 26, குடியரசு நாளன்று, அந்தேரியில் சீனாவோடு ஆட்டம். கணக்கு நம்பிக்கை தருவதாகவே இருந்தது.

ஆனால் அணிக்குள் நோய் நுழைந்துவிட்டிருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் மும்பை மாநகரில் ஒரே நாளில் 20,000க்கு மேற்பட்டோருக்குத் தொற்று பதிவானதை நினைவிற் கொள்ளவேண்டும். வீராங்கனைகள் ஹோட்டலுக்கும் மைதானத்துக்கும் இடையே மட்டும் போய்வரும்படி நோய்க் காப்பு வளையம் ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது. ஈரானோடு ஆடுவதற்கு முன்பே இருவருக்குத் தொற்று தெரிந்தது. 23ஆம் நாளுக்குள் அந்த எண்ணிக்கை பன்னிரண்டு ஆயிற்று. காயம் பட்டவர்கள் வேறு. ஆட்டத்துக்குக் குறைந்தது 13 பேர் தேவை என்பது விதி. அந்தப் பதின்மூன்று பேரைத் திரட்ட முடியவில்லை. நாட்டிலே நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள். அன்று மாலை பதின்மூவர் அகப்படவில்லை.

கொரோனாக் காலத்துக்கென்று ஆசியக் கூட்டமைப்பு தனி விதிகள் வகுத்திருந்தது. அவற்றின்படி, ஆட்களைத் திரட்ட இயலாத அணி போட்டியிலிருந்தே விலகியதாகக் கொள்ளப்படும். அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் தோற்றதாக எழுதிவிட்டு மேலே செல்வதற்கு இடமில்லை. விலகிய அணி ஆடிய ஆட்டங்களும் செல்லாதவையாகும். ஆகவே 20ஆம் நாள் நெருலில் தொண்ணூறு நிமிடம் ஓடியாடிய ஆட்டம் பந்தயக் கணக்கிலிருந்து துடைக்கப்பட்டது. இதில் ஈரானுக்கு நேர்ந்ததை எவரும் அதிகம் பேசவில்லை. ஆசியக் கோப்பையில் அவர்கள் ஈட்டிய முதற் புள்ளி அது. அவர்கள் செய்த பிழை ஏதுமில்லை. இருந்தும் அதுவும் போயிற்று. பின்னர்ச் சீனாவிடமும் சீன தைபேயிடமும் படுதோல்வி கண்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினர்.

அணி எங்கும் வெளியே போகவில்லை, ஹோட்டல் ஊழியர் வாயிலாகவே நோய் உள்ளே வந்தது என்று பயிற்சியாளர் டென்னர்பி வெளிப்படையாகக் குறை கூறினார். ஆட்டத்தை ஒத்திவைத்திருக்கலாகாதா என்ற கேள்வியும் எழுந்தது. இக்கேள்வியில் உணர்ச்சி இருக்கும் அளவுக்குக் கணக்கு இல்லை என்பது என் கருத்து. தொற்று கண்டவர் ஏழு நாள் தனித்திருக்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. 23இலிருந்து ஏழு நாள் எண்ணினால் 30. காலிறுதி ஆட்டங்கள் தொடங்கிய நாளே ஜனவரி 30தான்! ஓரிரு நாள் தள்ளிவைத்துப் பயனில்லை. ஒரு வாரம் தள்ளிவைத்தால் மற்றப் பதினொரு நாட்டு அணிகளும் ஹோட்டல் அறைகளில் அடைந்து கிடக்க வேண்டும். ஆகவே வருந்த வேண்டியது விதியைப் பற்றியன்று. விருந்துக்கு அழைத்த வீட்டிலேயே அடுப்பு அணைந்துபோயிற்று. காப்பு வளையத்தில் ஓட்டை விழுந்தது எப்படி என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விதியைத் திட்டியதில் அந்தக் கேள்வி அமுங்கிப் போயிற்று.

இதே நோய் வியட்நாம் மகளிரையும் தாக்கியது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. போட்டிக்கு முன் ஸ்பெயின் நாட்டுக்குப் பயிற்சிக்குச் சென்ற இடத்தில் அவர்களுள் பலருக்குத் தொற்று. ஒரே விமானத்தில் சேர்ந்து வரக்கூட இயலாமல், நோய் தீர்ந்தவர் தீர்ந்தவராகப் பிரிந்து பிரிந்து வந்து சேர்ந்தனர். தென் கொரியாவிடம் மூன்று கோல், ஜப்பானிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றனர். மியன்மாரோடு 2–2 என்று சமன் செய்தனர். மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் வெற்றியில்லை! எனினும் மூன்றாம் இடத்து அணிகளுள் ஒன்றாகக் காலிறுதிக்கு ஏறினர். அங்கே சீனாவிடம் தோற்றனர். அப்பால், எஞ்சியோருக்கென்று வைத்த ஆட்டங்களில் தாய்லாந்தையும் சீன தைபேயையும் வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குச் சென்றனர். முற்சொன்ன கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? வியட்நாமை நோய் பிடித்தது போட்டிக்குச் சில நாள் முன்னர். நம்மைப் பிடித்தது போட்டியின் நடுவில். நாளின் வேற்றுமைதான்.

பிலிப்பைன்ஸ் அணியின் கதை, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர் ஊன்றிப் படிக்க வேண்டியது. ஆண்கள் அணியும் சரி, பெண்கள் அணியும் சரி, அதுவரை உலகக் கோப்பையை ஒரு முறையும் எட்டாத நாடு அது. 2022இல் வந்த அணியிற் பலர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போன பிலிப்பினோக் குடும்பங்களின் பெண்மக்கள். புனேயில் சீன தைபேயோடு நடந்த காலிறுதி 1–1 என்று முடிந்து பெனால்டி உதைகளுக்குச் சென்றது. கோல் காப்பாளர் ஒலிவியா மெக்டேனியல் எதிரியின் உதைகளைத் தடுத்ததோடு நில்லாமல், தாமே முன்வந்து ஓர் உதையை உதைத்துக் கோலும் போட்டார். கடைசி உதை சரினா போல்டனுடையது. பந்து வலையில் விழுந்தது, நாடு உலகக் கோப்பையில் நுழைந்தது. அடுத்த ஆண்டு வெல்லிங்டன் நகரில், போட்டியை நடத்தும் நியூசிலாந்தையே 1–0 என்று இவர்கள் வென்றனர். அந்தக் கோலை அடித்தவரும் போல்டன்தான். கோல் காத்தவரும் அதே மெக்டேனியல்தான்.

வெளிநாட்டில் வளர்ந்த தம் பிள்ளைகளை அந்நாடு இவ்வாறு அழைத்துக்கொண்டது. நம் நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தருவதில்லை. ஆகவே லண்டனிலோ சிட்னியிலோ குடியேறி அந்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட நம்மவரின் மகள் எத்துணைத் திறமையுடன் ஆடினாலும், அந்நாட்டுப் பாஸ்போர்ட்டைத் துறந்தாலன்றி இந்திய அணியில் சேர முடியாது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

மற்றப் பெரிய அணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். ஆஸ்திரேலியா இந்தோனேசியாவுக்கு எதிராகப் பதினெட்டுக் கோல் அடித்தது. சாம் கெர் மட்டும் ஐந்து. ஒன்பது நாள் கழித்துக் காலிறுதியில் தென் கொரியாவின் ஜி சோ-யுன் அடித்த ஒரே கோலில் அதே ஆஸ்திரேலியா வெளியேறியது. பதினெட்டு அடித்தவர்களால் அன்று ஒன்றுகூட அடிக்க இயலவில்லை. முந்திய இரு முறையும் கோப்பையை வென்றிருந்த ஜப்பான், அரையிறுதியில் சீனாவிடம் பெனால்டி உதைகளில் வீழ்ந்தது.

இறுதியாட்டம் பிப்ரவரி 6ஆம் நாள், அதே நெருல் அரங்கில். அன்று காலையில்தான் லதா மங்கேஷ்கர் மறைந்தார். மும்பை நகரமே சிவாஜி பூங்காவை நோக்கிக் கண்ணீரோடு நின்ற மாலையில், ஆளில்லா அரங்கில் சீனாவும் தென் கொரியாவும் ஆடின. இடைவேளையின்போது கொரியா 2–0 என்று முன்னணியில் இருந்தது. கோப்பை அவர்களுக்கே என்று பலரும் தீர்மானித்திருப்பர். 68ஆம் நிமிடத்தில் தாங் ஜியாலி பெனால்டியில் ஒரு கோல். நான்கு நிமிடம் கழித்து ஜாங் லின்யான் ஒரு கோல். ஆட்டநேரம் முடிந்து நடுவர் கூட்டித் தந்த நிமிடங்களில் ஷியாவ் யூயி மூன்றாவது கோல். சீனா ஒன்பதாம் முறையாகக் கோப்பையைக் கைக்கொண்டது. அவ்வணியின் பயிற்சியாளர் ஷுய் சிங்சியா, முன்னாளில் தாமே சீன அணியில் ஆடிய பெண்மணி.

இத்தனையும் நம் மண்ணில் நடந்தன. அழைத்தவர் நாம்; ஆடியவர் பிறர்.

அவ்வணியில் இருந்தவர்களுக்குக் காலம் மறு வாய்ப்பைத் தட்டில் வைத்துத் தந்துவிடவில்லை. அடுத்த முறை போட்டி ஆஸ்திரேலியாவில். நடத்தும் நாடு என்ற சலுகை இனி இல்லை. வேண்டுமானால் தகுதிச் சுற்றில் ஆடித்தான் இடம் பெற வேண்டும். அதுவரை இந்திய மகளிர் அவ்வழியில் ஒருமுறையும் உள்ளே சென்றதில்லை. 2025ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் அச்சுற்று தொடங்கியது. கிரிஸ்பின் செத்ரியின் பயிற்சியில் நம் பெண்கள் மங்கோலியாவை 13–0, தீமோர் லெஸ்தேயை 4–0, ஈராக்கை 5–0 என்று வென்றனர். இவை எதிர்பார்த்த வெற்றிகளே. குழுவில் ஒரே ஓர் அணிக்குத்தான் இடம். எஞ்சி நின்றது தாய்லாந்து. இருமுறை உலகக் கோப்பையில் ஆடிய அணி. ஆட்டமோ அவர்கள் ஊரில், அவர்கள் மக்கள் முன்னிலையில்.

ஜூலை 5ஆம் நாள் அந்த ஆட்டம். முதற் பாதியில் வங்கத்துச் சங்கீதா பாஸ்போர் ஒரு கோல் அடித்தார். இடைவேளை முடிந்தவுடனே தாய்லாந்து சமன் செய்தது. சமனாகிவிட்டால் இவ்விதப் பந்தயங்களில் நம் அணி தளர்ந்து பின்வாங்கிவிடுவது பழைய வழக்கம். அன்று அவ்வாறு ஆகவில்லை. 74ஆம் நிமிடத்தில் அதே சங்கீதா இரண்டாவது கோலையும் போட்டார். 2–1. எவர் தயவுமின்றி, ஆடிப் பெற்ற இடம்.

2026ஆம் ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெறுவதாகக் குறிக்கப்பட்ட அப்போட்டியும் முன்போலவே இரு முகங்கள் கொண்டது. 2027இல் பிரேசிலில் நடக்கும் உலகக் கோப்பைக்கான வாயில் அதுவே. 2025 ஜூலை 29 அன்று சிட்னி நகரில் சீட்டுப் போட்டுக் குழுக்களைப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு விழுந்த குழுவில் ஜப்பான் இருந்தது, வியட்நாம் இருந்தது, மூன்றாவதாக வந்த பெயர் சீன தைபே.